றபானுக்கு அட்டை போட்ட ஸம்ஹா

பாலாவிச் சந்தியில் இறங்கி, உப்பு லொறிகளுக்கும் சிமெந்து லொறிகளுக்கும் வழிவிட்டு, உயிரோடு வீதியைக் கடந்துவிட்டால் ஜவாஹிர் நாநாவின் அச்சகம் வந்துவிடும். உள்ளே, கொம்பியூட்டருக்கு மூக்கைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பவள்தான் ஸம்ஹா. புத்தளத்திலிருந்து கற்பிட்டி முனை வரைக்கும் யார் வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் அவள் கைபட்ட கலியாணக் கார்டு ஒன்று கிடக்கும். மாப்பிள்ளையின் வாப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவருக்குப் பொன்னெழுத்தா வெள்ளியெழுத்தா என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இத்தனை பேர் எடுத்தும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. கலியாணக் கார்டை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. அது வீடு தேடி வந்து கையில் ஏறுகிறது. திகதியைப் பார்ப்பார்கள், புரியாணியா நெய்ச்சோறா என்று விசாரிப்பார்கள், அதோடு அதன் கதை முடிந்தது. மரண அறிவித்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்பின் தெரியாத ஓர் ஆள் தன் பாட்டில் போகும்போது நிற்க வேண்டும், அவள் செய்த ஒன்றைப் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று கைநீட்ட வேண்டும். இவ்வளவுதான் ஸம்ஹாவின் ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படியிருக்கையில்தான் அமல்ராஜ் வந்து சேர்ந்தான். கற்பிட்டிப் பக்கத்துக் கலியாண பாண்ட் ஒன்றில் கீபோர்ட் வாசிப்பவன். வாய் அதைவிட நன்றாக வாசிக்கும். இந்தக் கரையோரத்துப் பாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சஞ்சிகை நடத்தப்போவதாகவும், பெயர் 'றபான்' என்றும் சொன்னான். மாதா கோயில் திருநாளிலும் றபான் மேளம் அடிக்கிறார்கள், முஸ்லிம் கலியாண வீட்டு பைத் பாட்டிலும் அடிக்கிறார்கள், அதனால் யாரும் இது எங்களுடையது இல்லை என்று சொல்ல முடியாதாம். ஜவாஹிர் நாநா அச்சடிக்க ஒத்துக்கொண்டார். அட்டை ஸம்ஹாவின் பொறுப்பு.

"அக்கா, எங்கட ஆக்கள் யூத். கொழும்பு, சென்னை ரேஞ்சுக்கு இருக்கோணும்," என்றான் அமல்ராஜ்.

ஸம்ஹாவும் இரவல் சேலையைக் கட்டிக்கொண்டு கொய்யக மடிப்பு நல்லாயிருக்கிறதா என்று பார்க்கிறவள்போல, வெளியூர்ச் சஞ்சிகைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு பாடகர், சிரிக்காத முகம், கீழே பெயர். சரி, நமக்கும் அதுதான் என்று முடிவு செய்தாள். முதல் இதழின் அட்டைக்கு இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த பைலாப் பாட்டுக்காரர் சவிரிமுத்துவைப் பிடித்தார்கள். சிரிக்காமல் இருங்கள் மாஸ்டர் என்று கெஞ்சிக் கூத்தாடிப் படம் எடுத்தார்கள். கறுப்பு மையைத் தாராளமாக விட்டு, நடுவில் முகத்தை வைத்து, கீழே வெள்ளையெழுத்தில் 'சவிரிமுத்து' என்று போட்டாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

இதழ் கடைகளுக்குப் போன அன்று மத்தியானம் அவளுடைய புருசன் நஜாத் தொலைபேசியில் வந்தான். அவன் உப்பு லொறி ஓட்டுகிறவன். ஊர்ச் செய்தி முழுக்க அவன் லொறியில்தான் ஏறி இறங்கும்.

"இஞ்சே, கேட்டியா? கற்பிட்டி ரோட்டுல வெள்ளக் கொடி கட்டுறாங்க. அந்தப் பாட்டுக்காரர் மவுத்தாம்."

"ஆரு?"

"சவிரிமுத்து."

"அல்லாஹ்வே! நல்ல மனுசன். இப்பதானே அட்டையில போட்டம்…" என்று சொல்லிக்கொண்டே போனவள், வாக்கியத்தை முடிக்கவில்லை. மேசையில் கிடந்த றபானைத் திரும்பிப் பார்த்தாள். கறுப்பு. நடுவில் சிரிக்காத முகம். கீழே பெயர். தன் கையாலேயே எத்தனை மரண அறிவித்தல் செய்திருப்பாள்! பிறந்த திகதியும் இறந்த திகதியும்தான் பாக்கி.

வலை இழுக்கப் போனவர்கள் வேலையை விட்டுவிட்டு சவிரிமுத்து வீட்டு முற்றத்தில் கூடியிருக்கிறார்கள். அவரோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, செத்தது யார் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி யூஜீனியாதான் வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்ரீ ஊற்றிக் களைத்துப் போனாள். கடைக்காரர்கள் றபானைத் திருப்பி அனுப்பினார்கள். இழவுப் புத்தகத்தைக் கடையில் தொங்கவிட்டால் வியாபாரம் விளங்குமா?

அடுத்த இதழில் ஸம்ஹா மறுகரைக்கே போய்விட்டாள். கறுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ரோசாப்பூ, பொன்கொடி, மூலைக்கு மூலை இலை. முகம் எதற்கு வம்பு என்று ஒரு சோடி கிட்டாரைக் குறுக்காக வைத்தாள். அச்சாகி வந்ததும் ஜவாஹிர் நாநா கையில் எடுத்து, "ஆர்ட கலியாணம்?" என்று கேட்டார். கடைகளில் அதைவிட மோசம். ஆட்கள் எடுத்தார்கள், விரித்தார்கள், திகதியைத் தேடினார்கள், கார்டு தானே என்று காசு கொடுக்காமலே கொண்டுபோனார்கள்.

"ஸம்ஹா, ஒனக்குத் தெரிஞ்ச வேல நல்லாத் தெரியும்," என்றார் ஜவாஹிர் நாநா. மனிதர் கோபித்திருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கு அன்பாகப் பேசினார். "கலியாணத்த நீ பாரு. இன்னும் ஒரு றபான் அடிக்கிறன். அதுவும் திரும்பி வந்தா, விட்டுருவம்."

அவளுக்கு அழுகை முட்டியது. விட்டுவிட்டால் றபான் மட்டுமா போகும்? சாகும்வரை பொன்கொடியும் ரோசாப்பூவும்தான். முன்பின் தெரியாத அந்த ஆள் வரப்போவதே இல்லை.

அழுதுகொண்டிருந்தால் அட்டை வராது. ஸம்ஹா கொம்பியூட்டரை மூடிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் இருக்கும் ஜுனைதா தாத்தாவின் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் அண்ணனை நாநா என்போம், அக்காவைத்தான் தாத்தா என்போம். ஜுனைதாவுக்கு மீசையைக் கற்பனை செய்துவிட வேண்டாம். கடை வாசலில் ஒரு கயிறு. பேப்பர், சஞ்சிகை எல்லாவற்றையும் நடுவில் விரித்து, சுவரில் ஏறி இருபக்கமும் கால்போட்டவனைப்போல அந்தக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஸம்ஹா சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்படித் தொங்கும்போது எந்த அட்டையும் நேராக நிற்பதில்லை. பக்கவாட்டில் படுத்துக்கிடக்கிறது. பாடகர் படுத்துக்கிடக்கிறார், தலைப்பு செங்குத்தாக நிற்கிறது, படிக்கிறவர் கழுத்தை ஒடிக்க வேண்டும். போதாததற்கு, வீதியைப் பார்ப்பது முன்னட்டையா பின்னட்டையா என்பது ஜுனைதா தாத்தாவின் கைவாக்கு. பின்னட்டை என்றால் முந்தல் தளபாடக் கடையின் கட்டில் விளம்பரம்தான் றபானின் முகம்.

"இது இப்புடியா தொங்கும்?" என்று கேட்டாள் ஸம்ஹா.

"வேற எப்புடித் தொங்கும்? கழுத்துல சுருக்குப் போட்டா?"

இன்னொன்றையும் கண்டாள். அமல்ராஜின் யூத் பஸ் வரும்வரை ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கயிற்றைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். கார்மெண்டுக்குப் போகிற பெண்கள், கொண்டக்டர்மார், மீன்பெட்டிக்காரர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற உம்மாமார். அவர்கள் சும்மாவும் நிற்கவில்லை. எதிரே ஒரு பஸ்ஸில் சவிரிமுத்துவின் பாட்டு ஓடியது. யாரோ திருநாளில் பதிந்த குரல். நிறுத்தமே உதட்டுக்குள் முணுமுணுத்தது:

வாடைக் காத்து வந்திட்டுது, வள்ளத்தக் கட்டு மச்சான்
வாசலிலே நிக்கிறாளே, ஆரெண்டு சொல்லு மச்சான்

அதற்குப் பிறகு எல்லோரும் 'லல்லா லல்லா'. ஸம்ஹாவும் லல்லாதான். இந்தக் கரையில் கலியாணம் எதுவானாலும் 'ஆரெண்டு சொல்லு மச்சான்' வந்த உடனே கூட்டம் ஆட்டத்தில் குதித்துவிடும். விசிலும் கைதட்டும் கூரையைத் தூக்கும். அதற்குமேல் சவிரிமுத்து என்ன பாடுகிறார் என்று ஒருவருக்கும் கேட்டதில்லை. வாசலில் நின்றவள் யார்? எத்தனையோ வருசமாக ஊரே கேள்வியைப் பாடிக்கொண்டிருக்கிறது. பதில் தெரிந்த ஆள் ஒருவர்தான், அவரையோ ஸம்ஹா ஏற்கெனவே கொன்றுவிட்டாள்.

அமல்ராஜையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். யூஜீனியா கதவைத் திறந்து, "இந்த முறை என்னைச் சாகடிக்கவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சவிரிமுத்து சிரிக்கவில்லை.

"என்ட மொகத்தப் போட்டீங்களெண்டா கோட்டுக்குப் போவன்."

"மொகம் வாணாம் மாஸ்டர்," என்றாள் ஸம்ஹா. "அந்தப் பாட்டுட ரெண்டாஞ் சரணம் வேணும்."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அமல்ராஜைப் பார்த்தார். அமல்ராஜ் அந்தப் பாட்டுக்கு எத்தனையோ மேடையில் கீபோர்ட் வாசித்தவன். அவனுக்கும் அந்தச் சரணம் தெரியாது.

"இத்தின வருசத்துல ஒருத்தரும் கேக்கல்ல தங்கச்சி," என்றார் சவிரிமுத்து. "அதுதான் நல்ல சரணம். முதலாவது சும்மா ஆட்டத்துக்கு." வாசற்படியில் உட்கார்ந்து, தாளம் போட்டு, மெதுவாகப் பாடிக் காட்டினார். ஸம்ஹா அப்படியே எழுதிக்கொண்டாள். வாசலில் நின்றது யார் என்பதை இப்போதைக்கு நானும் சொல்லப்போவதில்லை. ஊர் காத்திருந்தது, நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.

அட்டையில் முகம் இல்லை, பூ இல்லை, கறுப்பும் இல்லை. பாலாவி உப்பளத்தில் வெயில் ஏறும்போது தெரிகிற மஞ்சள். அதன்மேல் பெரிய பெரிய எழுத்தில் ஒரே வரி: 'வாசலிலே நிக்கிறாளே, ஆரெண்டு சொல்லு மச்சான்?' அட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து எழுதினாள், கயிற்றில் தொங்கினால் நிமிர்ந்து நிற்கும்படி. முன்னட்டையில் மட்டுமில்லை, பின்னட்டையிலும் அதே. கையில் பிடித்துப் பார்த்த அமல்ராஜ், "அக்கா, இது சரிஞ்சு கிடக்கு," என்றான்.

"கையில சரிஞ்சு கெடக்கட்டும். கயித்துல நிக்கும்."

ஜவாஹிர் நாநா பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னட்ட முந்தல்காரருக்குச் சொன்ன எடம். கட்டில எங்க போடுற?"

"சரணத்துக்குப் பக்கத்துல போடுங்க நாநா. பதில் தேடுற ஆள் கட்டிலப் பாக்காமப் போகேலா."

நாநா தாடியைத் தடவினார். நெடுநேரம் தடவினார். "பிஸ்மில்லாஹ்," என்று சொல்லி மெசினைப் போட்டார்.

இதழ் வந்த அன்று ஸம்ஹா விடியவே ஜுனைதா தாத்தாவின் கடைக்குள் போய், பாண் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கயிற்றில் மஞ்சள் வரி நிமிர்ந்து நின்றது. ஒரு மீன்பெட்டிக்காரர் பார்த்தார், முணுமுணுத்தார், போய்விட்டார். இரண்டு பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். ஜவாஹிர் நாநாவின் அன்பான குரல் காதில் கேட்டது.

பிறகு கார்மெண்ட் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட ஒருத்தி வந்தாள். முன்பின் பார்த்திராத முகம். வரியைப் படித்தாள், உதட்டுக்குள் 'லல்லா' வந்தது, பாதியில் நின்றது. பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கயிற்றிலிருந்து ஒன்றை உருவினாள். "தாத்தா, இது எனக்கு!" என்று காசை வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். ஸம்ஹாவும் ஏன் எதற்கென்று யோசிக்காமல் பின்னாலேயே ஓடி ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னது அது?" என்று கேட்டாள், ஒன்றும் தெரியாத பாப்பாவைப்போல.

"பாட்டுப் புத்தகம். அந்த மச்சான் பாட்டுட மிச்சம் இதுல இருக்கு." பக்கத்தைக் கண்டுபிடித்து வாசித்தாள். வாசிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "பொஞ்சாதிதானாம்! உச்சமுனையில மீன்வாடி போட்டுக் கெடந்து கெடந்து, சொந்தப் பொஞ்சாதிட மொகத்தையே மறந்துட்டானாம் மனுசன்!"

ஸம்ஹாவும் சிரித்தாள். அந்தப் பெண் கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்: "நான் மறந்த வாசல் என்ன மறக்கல்ல மச்சான்." பிறகு சிரிக்கவில்லை. "என்ட மனுசனும் கட்டார்ல வேல," என்றாள்.

அந்தப் பக்கத்தை மடியில் வைத்து விரலால் நீவிவிட்டாள்.

"நான் ஒருக்காப் பாக்கவா?" என்று கேட்டாள் ஸம்ஹா.

"பாருங்க. ஆனா தந்திரணும். இந்தப் பக்கத்த வெட்டி அலுமாரிக் கதவுல ஒட்டப்போறன்."

ஸம்ஹா வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தின் அடியில் 'அட்டை: ஸம்ஹா' என்று சின்னதாக இருந்தது. அதை விரலால் மூடிக்கொண்டு, மற்றதையெல்லாம் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோசம்.

"ஜுனைதா தாத்தாட கடையில தொங்குது. நீங்களும் ஒண்டு வாங்குங்க," என்றாள் அந்தப் பெண்.

"ஓம், வாங்கோணும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினாள் ஸம்ஹா. கயிற்றில் நடுவில் சில இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் ஒன்றை உருவி, காசை வைத்தாள்.

ஜுனைதா தாத்தா வாயைப் பிளந்தாள். "உனக்கு விசரா புள்ள? உன்ட புத்தகத்த நீயே வாங்குற?"

"இது என்ட இல்ல தாத்தா," என்றாள் ஸம்ஹா. "அந்தப் பஸ்ஸில போற புள்ளைட."