யோகாஸ்தா கார்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை

லோஸ் மினா பேட்டையில் எங்கள் சந்துக்குள் வீட்டுப் படம் போடுகிறவள் யோகாஸ்தா ஒருத்திதான். கட்டப்போகும் வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்பதை, மாடிக் கம்பியின் நிழல் வரைக்கும் கம்ப்யூட்டரில் காட்டிவிடுவாள். போன மாதம்வரை ஏற்றுமதித் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே மேற்பார்வை பார்க்கும் மரிசெலா அவளை விடுவதாக இல்லை. திங்கட்கிழமைவரை அவளுடைய தையல் மெஷினை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கே பகல் முழுவதையும் தின்றது. கிராபிக்ஸ் கார்டு ஒன்றும், அதைத் தாங்கும் புதிய பவர் சப்ளையும் வாங்கிப் பொருத்தினாள். திரை ஒளிர்ந்தது. வீட்டுப் படம் ஒன்றை ஓடவிட்டதும் கார்டின் விசிறி இரைந்தது, திரை கறுத்தது, பெட்டியே அணைந்தது.

கார்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, பூட்டு விழும்வரை அழுத்தி மாட்டினாள். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு ஒரே வயர்தான் இரு முனையாகப் பிரிந்து போனது. அதை எடுத்துவிட்டுத் தனித்தனியாக இரண்டு வயர் இழுத்தாள். கார்டின் டிரைவர் மென்பொருளைத் துடைத்துப் புதிதாக ஏற்றினாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினாள், மாற்றியதும் ஓட்டிப் பார்த்தாள். சிலசமயம் ஓடியது. சிலசமயம் செத்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்டு வாங்கிய கடைக்குப் போனாள். அங்கே மத்தியானம் முழுவதும் ஒருமுறைகூட அணையவில்லை.

"என் ராணி, கார்டு தங்கம்" என்றான் கடைக்காரன். "காலர் தைச்ச கைக்கு இது பழக்கமில்ல, அவ்வளவுதான். குடுத்துடு, பாதிக் காசு தர்றேன்."

"பாதியை நீயே வச்சுக்க. கார்டு என்கூட வருது."

சனிக்கிழமை வீட்டில் மறுபடி ஓட்டினாள். மறுபடி செத்தது. அந்த நேரம் பார்த்து, மூலை மளிகைக் கடையின் பாட்டுப்பெட்டி சத்தமில்லாமல் கிடப்பதைக் கவனித்தாள். தெருவில் கரண்ட் இல்லை. வீட்டில் பல்பு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. எல்லாம் இன்வெர்ட்டரின் தயவு. அது மாறுவது கண்ணுக்கே தெரியாது என்பதால் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கரண்ட் வந்ததும் ஓட்டினாள், ஓடியது. எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள்; செத்தது.

இன்வெர்ட்டரை மாட்டிக்கொடுத்தவன் அவளுடைய அண்ணன் எலீஹியோ. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் இன்வெர்ட்டரையா சொல்ற? டிவி ஓடுது, ஃபேன் ஓடுது. உன் கார்டுக்கு மட்டும் கசக்குதா?"

"கார்டுக்கு இல்லண்ணே, பவர் சப்ளைக்கு. பேட்டரியிலேர்ந்து இது தர்ற கரண்ட் வழவழன்னு வராம படிப்படியா வெட்டி வெட்டி வருது. ஃபேனுக்கு அது போதும். கார்டு முழு மூச்சா இழுக்கறப்ப பவர் சப்ளை தாங்கல."

"அப்ப கரண்ட் இருக்கறப்ப மட்டும் வேலை பாரு."

"இந்தத் தெருவுலயா? அதுக்கு நான் காலரே தைக்கலாம்."

நல்ல இன்வெர்ட்டர் வாங்க அவளுக்கு வழியில்லை. கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதற்கு அதன் மென்பொருளிலேயே ஓர் அளவு உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்து, மெயினை இறக்கி, ஓட்டினாள். செத்தது. இன்னும் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எலீஹியோ வாழைக்காய் மசியலும் வறுத்த சலாமி இறைச்சியும் கொண்டுவந்து வைத்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். தட்டு ஆறிப்போனபோது கார்டு பேட்டரியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்திருந்தது, ஆனாலும் கார்டு இல்லாமல் ஓடியதைவிட எவ்வளவோ மேல்.

மத்தியானம் மரிசெலா போன் செய்தாள். "நாளைக்கு வர்றியா? மெஷினுக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்."

"வரலம்மா. வேற யாரையாவது உட்கார வையுங்க."

"கார்டு சரியாயிடுச்சா?"

"மெதுவா ஓடுது. ஆனா ஓடுது."

போனை வைத்தாள். திரையில் ஒரு வீட்டின் மாடிக் கம்பி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது.

"மெயினை மேல தூக்குடி, பேட்டரி தீருது" என்று உள்ளேயிருந்து எலீஹியோ கத்தினான்.

"படம் முடியட்டும்" என்றாள்.