எர்த்தைக் கழற்றிய நாள்

என் வீட்டுக்காரரை எல்லோரும் "எர்த்து" என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பத்திரங்களில் மட்டும் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர். கடைக்கு யார் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால் "உங்க வீட்ல எர்த் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறதா இல்லையா என்று வந்தவருக்குத் தெரியாது. உடனே ஆரம்பித்துவிடுவார். ப்ளக்கில் தடியாக ஒரு மூன்றாவது கால் இருக்கிறதே, அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. பெட்டிக்குள் கரண்ட் ஒழுகினால் அது ஆள் மேல் பாயாமல் மண்ணுக்குள் போகத்தான் அந்த ஒயர் என்று கால் மணி நேரம் பாடம் நடக்கும். பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அதை விட்டுவிட்டு ஓடாமல் இருந்தால் ஆச்சரியம்.

கல்யாணமான மூன்றாம் நாள் என் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டார். எர்த் ஒயர் இல்லையாம். அதற்குப் பிறகு அம்மா துணிகளைத் தேய்க்க வெளியில்தான் கொடுத்தாள். மாப்பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை. "உங்களுக்கு எர்த்தைக் கட்டி வச்சிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினீங்க?" என்று பல நாள் கேட்டிருக்கிறேன். சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து ப்ளக்கை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போவார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. இளைஞனாக இருந்தபோது அவர் ஒரு ராக் குழுவோடு வேனில் சுற்றியவர். வாசித்தவர் இல்லை, பெட்டிகளைத் தூக்கி, ஒயர்களை மாட்டி, பழுதானால் அங்கேயே உட்கார்ந்து சரி செய்தவர். அந்தக் குழுவுக்கு நல்ல பெயர் வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். பெயர்தான் வரவே இல்லை. ஒருநாள் ஈரத் தரை கொண்ட ஒரு மண்டபத்தில் கிட்டார்காரர் மைக்கில் உதட்டை வைத்தார். அடுத்த நொடி தூக்கி எறியப்பட்டுச் சுவரோரம் கிடந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. குழு அத்தோடு கலைந்தது. அந்த ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைக் கழற்றி வைத்தது யார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு இருபத்து மூன்று வயதானபோது ஒரு டிவி கம்பெனி, புகழுக்காகத் திண்டாடும் ஒரு ராக் குழுவைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்பியது. நடிகர்கள் வேண்டாம், நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக் காலில் நின்றார். மகள் கடையில் பழைய பெட்டிகளை வைத்துக் கிட்டார் பழகியவள். குரலும் நன்றாக இருக்கும். ஆள் எடுக்கும் இடத்தில் முன்னூறு பேர் வரிசையில் நின்றார்கள். இவளைப் பாடும் பெண்ணாக எடுத்துக்கொண்டார்கள். அவள் மூலமாக அவருக்கும் ஆம்ப்ளிஃபயர் வேலை கிடைத்தது. உடை தைக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று பேரும் ஒரே வண்டியில் கிளம்புவோம். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்க்கட்டும் என்று நான் கொஞ்சம் மெதுவாகவே ஏறுவேன்.

மகள் டிவியில் வரவேண்டும் என்ற ஆசை அவளைவிட எனக்குத்தான் அதிகம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

படத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. நாலு பேர் ஒரு கார் ஷெட்டில் வாசிக்கிறார்கள், யாரும் சீண்டுவதில்லை. கடைசியில் பாடும் பெண் ஒரு மொட்டை மாடியில், கொட்டும் மழையில், வெறுங்காலோடு நின்று பாடுகிறாள். தெருவே நின்று கேட்கிறது, புகழ் வந்துவிடுகிறது. நிஜத்தில் மொட்டை மாடியில் நின்று கத்தினால் கீழ்வீட்டுக்காரர்தான் வருவார். ஆனாலும் அந்தக் கடைசிக் காட்சியைப் படித்தபோது அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

படப்பிடிப்பு ஒரு பழைய கிடங்கில் நடந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் கார் ஷெட் காட்சி. ஒரு நிஜ ஆம்ப்ளிஃபயர் நடுவில் இருந்தது. அவர் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய வால்வு பெட்டி. சுற்றி நின்றவை எல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத வெற்று டப்பாக்கள். மகள் அன்று நேரடியாகவே பாடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஆனால் சவுண்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"உம்முனு ஒரு சத்தம் வருது சார். இந்தப் பெட்டியோட எர்த்தும் என் பெட்டியோட எர்த்தும் சண்டை போடுது. இதுல எர்த்தை எடுத்துட்டா போதும், சுத்தமா போயிடும்."

சொன்னது தப்பில்லை, எடுத்தால் சத்தம் போகும். சத்தத்தோடு பாதுகாப்பும் போகும். இவர் முடியாது என்றார். வேறு வழி இருக்கிறது, சாமான் வாங்கி நாளைக்குச் செய்து தருகிறேன் என்றார். டைரக்டர் கடிகாரத்தைக் காட்டினார். நாற்பது பேர் சும்மா நின்றார்கள். மகள் அப்பாவைத் தனியாக என் தையல் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, என்னால நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்க. வேற பொண்ணைக் கூப்பிட்டுக்கறேன்னு டைரக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டார். ஒரே ஒரு ஷாட்பா. தரை காஞ்சிதானே இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோக்கிறவள்போல் குனிந்துகொண்டேன்.

"ஷாட் முடிஞ்ச உடனே திரும்ப மாட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர், தன் ஸ்க்ரூட்ரைவரால் தானே அந்த ஒயரைக் கழற்றினார். கழற்றும்போது அவர் கழுத்தில் வியர்வை வழிந்ததைப் பார்த்தேன். சத்தம் நின்றது. மகள் பாடினாள். பாடி முடித்ததும் யூனிட்டே கைதட்டியது. சவுண்டுக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் வினை. குரல் நன்றாக இருந்ததே, அதுதான் வினையாகப் போயிற்று.

மழைக் காட்சியில், முன்பே பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு வாயசைப்பதாகத்தான் திட்டம். பின்னால் வெற்று டப்பா நின்றால் போதும். ஆனால் காலைக் காட்சியைப் பார்த்த டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "மழையிலும் நேரடியாவே பாடட்டும். இன்னிக்கே எடுத்துடலாம். தண்ணி லாரியை வரச் சொல்லு" என்று உத்தரவு போட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த வால்வு பெட்டி கிடங்கின் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. எர்த் இல்லாமலே போயிற்று. அதை மாட்டப் போன என் வீட்டுக்காரரை, காட்சிக்கு ஒழுங்கு செய்துவைத்த எதையும் யாரும் தொடக்கூடாது என்று உதவி டைரக்டர் தடுத்துவிட்டார். சினிமாக்காரர்களுக்கு இதுதான் வேதம்: ஒரு ஷாட்டில் எப்படி இருந்ததோ, அடுத்த ஷாட்டிலும் துளி மாறக்கூடாது.

நான் மாடிக்குப் போனபோது அவர் டைரக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிமெண்டுத் தரை. தலைக்கு மேலே துளை போட்ட குழாய்கள். பெட்டியை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே செங்கல் வைத்திருந்தார்கள்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார். கடையில ஒரு கருவி இருக்கு, கொஞ்சம் கசிஞ்சாலும் கரண்டைத் துண்டிச்சிடும். எடுத்துட்டு வந்துடறேன்."

"ஒரு மணி நேரத்துல வெளிச்சம் போயிடும். லாரியும் போயிடும்."

அவர் டெஸ்டரை எடுத்துக் கிட்டார் கம்பியில் வைத்தார். டெஸ்டருக்குள் மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. "பாருங்க" என்றார்.

சவுண்டுக்காரர் சிரித்தார். "எர்த் இல்லாத எந்தப் பெட்டியிலும் அந்த அளவு மினுக்கும்ணே. உங்களுக்குத் தெரியாததா?" சொல்லிவிட்டு ஒரு கையால் கிட்டார் கம்பியையும் இன்னொரு கையால் மைக்கையும் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒளிப்பதிவாளர் சீட்டி அடித்தார்.

"இப்போ காஞ்சிருக்கு. தண்ணி உள்ளே இறங்கினப்புறம் பிடிங்க சார்" என்றார் இவர்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் நேரே போய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார். உதவி டைரக்டர் அதைத் திரும்பச் செருகிவிட்டு, ப்ளக் போர்டை மறைத்துக்கொண்டு நின்றான். "இன்னொரு தடவை கை வச்சீங்கன்னா அப்பாவும் பொண்ணும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம்" என்றார் டைரக்டர். மகளின் முகம் சுண்டிப்போனது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நான் தைத்த வெள்ளைச் சட்டையோடு காத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் தோள் மடிப்பைச் சரி செய்யும் சாக்கில் அவளிடம் போனேன்.

"அம்மா, அப்பாவைக் கீழே கூட்டிட்டுப் போம்மா. மானம் போகுது."

குழாய்களைத் திறந்தார்கள். மழை விழ ஆரம்பித்தது. தரையில் தண்ணீர் ஓடியது, பிளாஸ்டிக் தாளின் நடுவில் குளம்போலத் தேங்கி ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சட்டை நனைந்து ஒட்ட வேண்டும் என்று டைரக்டர் காத்திருந்தார். பிறகு மகளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

அதற்குள் இவர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். எப்போது செருப்பைக் கழற்றினார் என்று தெரியவில்லை. ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த கிட்டாரை நோக்கிப் புறங்கையை நீட்டினார். கரண்ட் வேலை தெரிந்தவர்கள் சந்தேகமான எதையும் அப்படித்தான் தொடுவார்கள். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாமாக மூடிக்கொண்டு விடவே விடாது. புறங்கை கம்பியில் பட்டதுதான் தாமதம், தோள் வரைக்கும் வெட்டி இழுத்து, இரண்டடி பின்னால் போய் விழப் பார்த்தார்.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"பிரமாதம்ணே! உங்களையே ஹீரோவாப் போட்டிருக்கலாம்" என்றார் டைரக்டர்.

இவர் கையைத் தேய்த்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். நாற்பது முகங்கள். மகள் கண்ணில் நீரோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் சொன்னால் மகள் கேட்பாள், மகள் வந்துவிட்டால் கிளம்பிவிடலாம்.

நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"நடிச்சது போதுங்க. தள்ளி வாங்க. அவ பாடட்டும்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை நோக்கி நடந்தாள். அவள் அதை உள்ளங்கையால்தான் பிடிப்பாள். வாசிக்கிறவள் வேறெப்படிப் பிடிப்பாள்? அதில் கரண்ட் இருக்கிறது என்று இவர்கள் நம்ப, யாராவது ஒருவர் பிடித்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அவர் அவளைத் தோளால் இடித்து ஒதுக்கித் தள்ளினார். இரண்டு கைகளாலும், நன்றாக, உள்ளங்கையால் கிட்டாரைப் பிடித்தார்.

அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நின்றபடியே நின்றார். அதனால் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள்தான் முதலில் கத்தினாள். உதவி டைரக்டருக்கு எந்த ப்ளக்கைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. விளக்கின் ப்ளக்கைப் பிடுங்கினான், தண்ணீர் மோட்டாரின் ப்ளக்கைப் பிடுங்கினான், மூன்றாவதாகத்தான் சரியானதைப் பிடுங்கினான். அதற்குள் அவர் விழுந்துவிட்டார். விழுந்த பிறகும் விரல்கள் பிரியவில்லை. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மகள் பிழைத்தாள். அதற்குப் பிறகு படப்பிடிப்புப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வேறொரு பெண்ணை வைத்து, வாயசைத்து, படத்தை முடித்தார்கள். டிவியில் வந்தது, நாங்கள் போடவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "நீ என்னம்மா பண்ணுவே? அவர் நிஜமாத்தான் சொல்றாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?" தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். மகள் அப்போது எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதருக்கு நடிக்க வந்ததே இல்லை. உப்பில்லாத குழம்பை நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட அவரால் சொல்ல முடிந்ததில்லை. அந்தக் கை வெட்டி இழுத்ததைப் பார்த்தபோதே அது நிஜம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னேன்.