மூன்று வீட்டு சர்பத்

முப்பது நோன்பும் பிடித்தால் மகளுக்கு உடம்பு தானாக இறங்கிவிடும் என்று கணக்குப் போட்ட மகராசி நான்தான். அவளுக்குப் பதினொரு வயது. "சர்க்கரை எல்லையில நிக்குது. எடை குறையலைன்னா இவளும் உங்களை மாதிரி மாத்திரை போட வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நேரே பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைக்குப் போனேன். "எம்புள்ளைக்கு இனி ஒரு கலர் பாட்டில் குடுத்தீங்க, நடக்குறதே வேற" என்று கத்திவிட்டு வந்தேன்.

நோன்பும் வந்தது. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பிள்ளை சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா? சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நோன்புக் கஞ்சிக்கு முன்னால் ரோஸ் சர்பத்தை நானே ஊற்றிக் கொடுத்தேன், ஒன்றுக்கு இரண்டு டம்ளராக. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது.

"கடைப் பாட்டிலத் தொடவே விடலைங்க" என்றேன் டாக்டரம்மாவிடம்.

"சர்பத் மட்டுந்தான் குடிச்சேன்" என்றாள் மகள்.

அட அல்லாவே! அந்தப் பெட்டிக்கடைக்காரர் முகத்தில் இனி எப்படி முழிப்பேன்?

பெருநாளன்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனோம். எங்கள் ஆட்கள் நீட்டும் டம்ளரை வேண்டாம் என்றால் வருசக் கணக்கில் முகம் கொடுக்க மாட்டார்கள். சர்க்கரை என்று காரணம் சொல்லவும் பயம். பொட்டப்பிள்ளை, நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது? நானே மூன்று வருடமாகச் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்குகிறவள்.

அதனால் அந்தந்த வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மகளின் சர்பத்தையும் நானே மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் காலி டம்ளரை அவள் கையில் வைத்தேன். மூன்று வீட்டில் ஆறு டம்ளர். நான்காவது என் அண்ணன் வீடு. மாடிப்படி ஏறும்போதே நாக்கு வறண்டது, கண்ணை இருட்டியது.

மதினி சர்பத் தட்டோடு வந்தார். "எடுத்துக்க தாயி, என்ன கூச்சம்?"

மகள் கைக்கு முன்னால் என் கை நீண்டது. அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, எங்கம்மாவுக்கு சுகர் இருக்கு. எனக்கும் வரப்போகுதாம். ரெண்டு பேருக்கும் தண்ணி குடுங்க."

கூடம் நிறைய ஆட்கள். எனக்கு மானமே போய்விட்டது. அவளை நறுக்கென்று கிள்ளலாமா என்றுகூட ஆத்திரம் வந்தது. மதினி என்னையே பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏன்டி, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் காதோடு காதாக. "எனக்கும் ரெண்டு வருசமா இருக்குடி. காலையில இருந்து வர்றவுகளோட உக்காந்து நானும் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

உள்ளே போய் மூன்று டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.