கூந்தல்பனை ஊறிய அண்டா

பொறாமைக்காரியாம்! தெரசம்மாளா பொறாமைக்காரி? சொந்தத் தம்பி மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைச் சொறியவிட்டுவிட்டு ஓடிப்போனாளாம். நாகலூர்க் கடைவாசலில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொறிந்தது மெய். ஓடிப்போனது பொய். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, நடந்துதான் போனாள்.

புருஷனை இழந்து, எஸ்டேட் மேஸ்திரியான தம்பி தேவசிகாமணி வீட்டுக்கு வந்தவள் தெரசம்மாள். மூன்று வேளையும் ஆக்கிப்போட்டாள். அவளுக்கென்று இருந்தது புழக்கடையில் நின்ற கூந்தல்பனை ஒன்றுதான். மீன்வால் மாதிரி இலை, தலைமயிரை விரித்துவிட்டாற்போலத் தொங்கும் குலை. பந்தல் கட்டுகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். அந்த மரத்துக்கு ஒரு குணம். உச்சியில் முதல் குலை தள்ளும். அடுத்தடுத்துக் கீழே இறங்கி வரும். கடைசிக் குலை பழுத்ததும் நின்றபடியே பட்டுப்போகும். எண்பத்தாறாம் வருஷக் கோடையில் அந்தக் கடைசிக் குலை பழுத்தது. முன்பு முளைத்த கன்றுகள் சுவரோரம் தகரடப்பாக்களில் நின்றன. இதுவும் முளைத்துவிட்டால், மரம் போனாலும் போகட்டும் என்றிருந்தாள்.

அந்தப் பழம் பட்ட இடமெல்லாம் அரிக்கும். ஊறவைத்து, சதையை அழுகவிட்டுத்தான் கொட்டையை எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் வருகிறது என்று தேவசிகாமணி சொன்னதை நம்பி, வீட்டுப் பித்தளை அண்டாவில் ஊறப்போட்டாள்.

கல்யாணத்தன்று வாடகைப் பாத்திரம் வரவில்லை. கோடையில் குடிதண்ணீரையே பள்ளத்துக் கிணற்றிலிருந்து சுமக்க வேண்டும்; மாப்பிள்ளை வீட்டார் கால் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? தெரசம்மாள் உள்ளே பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். தேவசிகாமணி சல்லடைக் கரண்டியால் பழங்களை அள்ளிக் கூடையில் போட்டான். தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. மேலே இரண்டு குடம் ஊற்றி, வாடைக்குப் பன்னீர் தெளித்து, ரோஜா இதழ் தூவி வாசலில் வைத்துவிட்டான்.

சேலத்திலிருந்து வேன் வந்தது. சம்பந்தி ஞானசுந்தரம் மலைத்தூசி போகக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் சம்சாரமும் தம்பிமாரும் கழுவினார்கள். பேண்டு செட் முழங்கியது. ஞானசுந்தரம் இடது காலைத் தூக்கினார். பிறகு வலது காலை. சம்சாரம் ஒரு சுற்றுச் சுழன்றார்.

"பாருங்க, சம்பந்தி ஊட்டுக்காரங்களுக்கு நொம்ப சந்தோசம்!" என்றாள் பக்கத்துக் கடை ரஹமத் பீவி. பேண்டுக்காரன் வேகத்தைக் கூட்டினான்.

"நிறுத்துங்கய்யா!" என்று ஞானசுந்தரம் அலறினார். "இந்தத் தண்ணிய வெச்சது ஆரு? சொல்லாட்டி வண்டியத் திருப்பச் சொல்லிருவேன்!"

தேவசிகாமணி வானத்தைப் பார்த்தான். மணப்பெண் லூர்துசெல்விக்கு முக்காடே நடுங்கியது. சுவரோரம் பழக்கூடையைக் கண்ட தெரசம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"என்ற தப்புங்க. அண்டாவ நாந்தானுங்க கழுவாம உட்டுட்டேன். புள்ள மேல கோவத்தக் காட்டிராதீங்க."

ஒரு செம்பு தேங்காயெண்ணெய் செலவானது. கல்யாணம் நடந்தது.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஆடுகிறது. அவளே ஒத்துக்கொண்டாளே என்கிறார்கள். ஊரை விடுங்கள், தேவசிகாமணியே அதை நம்பத் தொடங்கிவிட்டான்! மறுவீட்டு விருந்து முடிந்த மறுநாள் காலை, மண்வெட்டியோடு கன்றுகள் முன்னால் வந்து நின்றான்.

"மானம் போச்சுக்கா. இந்தச் சனியனெல்லாம் இன்னைக்கே அடுப்புக்குப் போவோணும். நீ எப்பவும் போல இருந்துக்க."

"அதுக போறதுன்னா நானும் போறேன்."

"எங்க போவ?"

"பீவி கடைக்குப் பின்னால எடம் சும்மாதான் கெடக்குது. கேட்டுட்டேன்."

அவன் சிரித்தான். அவள் டப்பாக்களைக் கூடையில் அடுக்கினாள். கூடைப் பழத்திலிருந்து எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்திருந்த கொட்டைகளை முந்தானையில் முடிந்தாள். கூடை தலைக்கு ஏறியபோதுதான் அவன் சிரிப்பு நின்றது.

"அக்கா... மத்தியானச் சோறு?"

"அண்டா அங்கதான் இருக்குது சாமி. நல்லாக் கழுவிப்போட்டு ஆக்கு."

அவன் தன்னையறியாமல் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டான். மீன்வால் இலைகள் நிலையில் இடிபடாதபடி முழங்காலை மடக்கிக் குனிந்து, தெரசம்மாள் வாசலைத் தாண்டினாள்.