ஒத்திகைக்குத் துப்பாக்கி பிடித்தவன்

எங்கள் கல்லூரியில் பாதுகாப்பு அதிகாரி என்றால் சட்டையில் ஒரு வில்லை, தோளில் ஒரு வாக்கி-டாக்கி ரேடியோ, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. கார் பேட்டரி செத்துப்போனால் வயர் மாட்டி உயிர் கொடுக்க வேண்டும். சாவியை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தலையைச் சொறிகிற பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். கழிப்பறையில் எவனாவது வாந்தி எடுத்து வைத்திருந்தால் துப்புரவுக்காரர் வரும்வரை வாசலில் காவல் நிற்க வேண்டும். நாஜி முக்பில் இந்த வேலையை எட்டு வருடம் செய்தான். நான் அதே அலுவலகத்தில் ரேடியோ மேசைக்காரி. தினமும் அவன் குரலைக் காதில் வாங்கியவள். நடந்ததைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நாஜியின் அப்பா திராட்சை பறிக்க அரபு நாடான யேமனிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். நாஜி பிறந்தது இங்கேதான், ஊர் அரசு ஆஸ்பத்திரியில். நல்ல உயரம், அகலம். கதவுக்குள் நுழைந்தால் வெளிச்சம் மறையும். ஆனால் பேச்சு மட்டும் பக்கத்துக் கட்டிலில் குழந்தை தூங்குவது போல அடங்கித்தான் வரும். மதியம் கேன்டீனில் சாப்பிடுவான். அங்கே ஒஃபீலியா பர்ரகான் என்ற மெக்சிகோக்காரம்மா பரிமாறுவார். இவன் பன்றிக்கறி தொடமாட்டான் என்பதற்காகத் தனிக் கரண்டி வைத்து, பீன்ஸும் முட்டையும் ரொட்டியில் சுருட்டிக் கொடுப்பார். அவருடைய அண்ணனை அவர் பிறந்த ஊரில் ஒரு கல்யாணப் பந்தலில் வைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதை ஒரே ஒரு தடவை நாஜியிடம் சொல்லியிருக்கிறார். பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

புதிதாக வந்த துணைத் தலைவி பமீலா ஹார்கின்ஸுக்குக் கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தர வேண்டும் என்று ஆசை. வளாகத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்த ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார். கம்பெனி ஆள் கைல். இறுக்கமான பனியன், வாயில் சூயிங்கம். எங்கள் அலுவலகத்துக்குள் வந்தவன் அங்கிருந்த அதிகாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தான். சந்தையில் மாடு பார்ப்பதைப் போலத்தான் பார்த்தான். நாஜியைக் கை காட்டினான்.

"இவரு போதும். பாத்தாலே நம்புவாங்க."

எங்கள் தலைமை அதிகாரி டிபெட்ஸ் சிரித்தார். உயரத்தைச் சொல்கிறார் என்று சமாளித்தார். அறையில் யாருக்கும் அது உயரத்தைப் பற்றிய பேச்சாகப் படவில்லை. வேறு யாரையாவது போடும்படி நாஜி கேட்டுப் பார்த்தான். அரை நாள் நடிப்புதானே, நீ எங்கள் ஆள் இல்லையா என்று டிபெட்ஸ் அவன் முதுகில் தட்டினார். அத்தோடு முடிந்தது.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று அன்று சாயங்காலமே அவனைக் கேட்டேன்.

"முடியாதுன்னு அடம் பிடிச்சா, இவன் ஏன் இதுக்கு இவ்ளோ பதறுறான்னு யோசிப்பாங்க அக்கா. அந்த யோசனைக்குப் பயந்தே நான் வளந்தவன்."

அந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் ஒத்திகை நடக்கும் என்று கல்லூரி மின்னஞ்சல் வைத்திருந்த எல்லோருக்கும் தகவல் போனது. கேன்டீன் ஒப்பந்தக்காரருடையது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கல்லூரி மின்னஞ்சல் கிடையாது. அவர்களை யாரும் நினைக்கவில்லை.

புதன்கிழமை காலை நாடகத் துறை மாணவர்களுக்கு ரத்தம் பூசினார்கள். பிணமாகப் படுத்தால் கூடுதல் மதிப்பெண். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து, சாய நாற்றம் தெரியாமலிருக்கப் புதினா வாசனை ஊற்றியிருந்தார்கள். நடைபாதை முழுக்க மிட்டாய்க் கடை போல மணந்தது. ஒருத்தி கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு செல்ஃபி எடுத்தாள். நாஜிக்குக் கறுப்பு உடை, முகமூடி, சத்தம் மட்டும் போடும் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கி. தோள் ரேடியோவை மட்டும் கழற்றவில்லை.

வளாக ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பொத்தான் என் மேசையில் இருக்கிறது. அன்று கைல் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் கோக் டப்பாவோடு தானே அதை அழுத்தினான். ஆயுதத்தோடு ஒருவன் நுழைந்திருக்கிறான், ஓடுங்கள், ஒளியுங்கள் என்று அறிவிப்பு ஓடியது. ஒத்திகை என்ற வார்த்தை அதில் இல்லை. அதைச் சேர்த்துவிட்டால் மக்கள் பயப்படமாட்டார்களாம்.

வெடிச் சத்தம் நூலகப் பக்கம் கேட்டது. பிறகு அலறல். நடிப்பு எது, நிஜம் எது என்று கட்டடங்களுக்குள் இருந்தவர்களில் யாருக்குத் தெரியும்?

சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. பேசியவள் ஒஃபீலியாவின் மகள் இட்ஸெல், பழம் பெட்டி கட்டும் கூடத்தில் வேலை செய்கிற பெண். அம்மா அவளுக்குப் போன் செய்து, நான் கேன்டீனில் பால், காய்கறி வைக்கிற குளிர் அறைக்குள் ஒளிந்திருக்கிறேன், தம்பியைப் பார்த்துக்கொள், வீட்டு வாடகைச் சீட்டு அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறார். இவள் போலீசைக் கூப்பிட்டால், அது வெறும் பயிற்சி என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப அம்மாவுக்கு அடித்தால் போன் செத்துவிட்டது. மகளுக்குத் தெரிந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது.

"எங்கம்மாவ வெளிய கூட்டிட்டு வாங்க," என்றாள். "வேற ஒண்ணும் எனக்குச் சொல்லாதீங்க."

கேன்டீனுக்குப் பக்கத்தில் யார் என்று ரேடியோவில் கேட்டேன். நாஜிதான் பதில் சொன்னான். விஷயத்தைச் சொன்னேன். ஓடினான். உடையை மாற்ற வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவசரத்தில் அவன் அழுத்திய ரேடியோ பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. அதனால் அடுத்து நடந்தது எல்லாம் என் காதில் விழுந்தது.

குளிர் அறைக் கதவு இழுபடும் சத்தம். அக்கா, அக்கா என்று இவன் கூப்பிடும் சத்தம். பால் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு கீரைப் பெட்டியை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னான். உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போயிருந்தது. இவன் முகமூடியை மேலே தூக்கிவிட்டான். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

பிறகு ஒஃபீலியா சொன்னார்.

"நீயா தம்பி. உனக்கு நான் தினமும் சாப்பாடு போட்டேனே."

"அக்கா, இது நிஜமில்ல. நடிக்கச் சொன்னாங்க. இங்க பாருங்க, கீழ வெச்சிட்டேன்."

"எம் பொண்ண மட்டும் விட்டுடு."

அவருக்கு இவன் சொன்னது காதிலேயே ஏறவில்லை. கடைசியில் இன்னொரு சமையல்காரம்மா வந்துதான் அவரைப் போர்த்திக் கூட்டிப்போனார். நாஜி அந்தக் குளிருக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துப்புரவுக்காரர் பார்த்து யாருக்கும் சொல்லக்கூடாது என்று துடைத்திருக்கிறான்.

மதியம் கூட்ட அறையில் எல்லோருக்கும் பீட்சா. கழுத்தில் ரத்தம் காயாத பிணங்கள் வரிசையில் நின்று தட்டு வாங்கின. சாயமா சாஸா என்று விரலை நக்கிப் பார்த்துச் சிரித்தன. நானும் அங்கே இருந்தேன். ஒரு துண்டைக்கூட எடுக்க முடியவில்லை. நாஜி உள்ளே வந்து, கேன்டீன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சொன்னான். ஹார்கின்ஸ் அம்மையார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முகம் மலர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"இதுக்குத்தான் ஒத்திகையே வைக்கிறது. ஒப்பந்த ஆளுங்களுக்குத் தகவல் போகலன்னு ஒரு ஓட்டை தெரிஞ்சுதே, அது நமக்கு எவ்ளோ நல்ல விஷயம்."

"மேடம், அவங்க பொண்ணுகிட்ட கடைசியா பேசி முடிச்சுட்டாங்க. சாகப் போறேன்னு நெனச்சு."

"அப்போ நீங்க நல்லாப் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்," என்றான் கைல், வாய் நிறைய பீட்சாவோடு.

நாஜி அவனைப் பார்த்தான். சாப்பாட்டில் புழு நெளிவதைப் பார்க்கிற பார்வை. துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். சாப்பிட்ட பிறகு இரண்டாம் சுற்று இருக்கிறதே என்று டிபெட்ஸ் சொன்னார். இவன் முடியாது என்றான். குரலை உயர்த்தவில்லை. எங்கள் இன்னொரு அதிகாரி டுவேன் உடனே அதை எடுத்துக்கொண்டான். ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தோளைச் சரிசெய்துகொண்டான்.

இரண்டாம் சுற்று தொடங்குவதற்குள் நாஜி கட்டடம் கட்டடமாக நடந்தான். தோட்டக்காரர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், புத்தகக் கடைப் பெண், கேன்டீனில் மிச்சமிருந்தவர்கள் எல்லோரிடமும், இப்போது கேட்கப்போவது பொய்ச் சத்தம், பயப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். டுவேன் சுட்டபோது பாதிப் பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கைலுக்கு ஒத்திகை கெட்டுப்போன கோபம். நாஜியை இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒஃபீலியாவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? வருத்தம் தெரிவித்து ஓர் இலவசச் சாப்பாட்டுச் சீட்டு. அவரே கரண்டி பிடித்துப் பரிமாறுகிற அதே கேன்டீனில் சாப்பிட. இதை யோசித்தவரும் படித்தவர்தான், கையெழுத்துப் போட்டவரும் படித்தவர்தான். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை, வேலைக்கும் திரும்பவில்லை.

அடுத்த மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். இட்ஸெல் வந்திருந்தாள், வேலைச் சட்டையோடு, நகத்தில் அட்டைத் தூசி. வாசல் காவல் நாஜிக்கு. அன்றுதான் அவன் வேலைக்குத் திரும்பியிருந்தான்.

"எங்கம்மா வீட்ல ஃப்ரிட்ஜ தொறக்க மாட்டேங்கறாங்க," என்றாள் அவள். "பால் வேணும்னா நான் வர்ற வரைக்கும் உக்காந்திருக்காங்க. நீங்க எங்களுக்கு அனுப்புன சீட்டுல சாப்பாடு இலவசம்னு போட்டிருந்துது."

மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. டிபெட்ஸ் தூரத்திலிருந்து நாஜிக்குக் கை காட்டினார், வெளியே கூட்டிப் போ என்று. நாஜி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தானாகவே போனாள். குழுத் தலைவர் நன்றி சொன்னார். அடுத்தது விளையாட்டு மைதான விளக்கு விஷயம்.

அந்த வாரக் கல்லூரிச் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் படம் வந்தது. முகமூடியும் துப்பாக்கியுமாக நாஜி. கீழே, நாங்கள் தயாராக இருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பெயர் போடவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். அவன் மனைவி அதைக் கடையில் பார்த்து அடையாளம் கண்டுவிட்டாள். நிற்கிற விதத்தை வைத்தே கண்டுபிடித்தேன் என்றாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒஃபீலியாவின் வீட்டுக்குப் போனான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வண்டியில் இழுத்து வந்து வரிசையாக நிறுத்திய தகர வீடுகளில் ஒன்று. மனைவி கட்டிக் கொடுத்த பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு படியில் நின்றான். அவர் கதவைத் திறந்தார், கொக்கியை எடுக்கவில்லை.

"நீ நல்ல பையன்னு எனக்குத் தெரியும்," என்றார். "உம்மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா உம் மூஞ்சியப் பாத்தா வயிறு கலங்குது. அது என் கையில இல்ல. இனிமே வராத, தம்பி."

சரி அக்கா என்று சொல்லிவிட்டு வந்தான். பொட்டலத்தைப் படியில் வைப்பதா, எடுத்துப் போவதா என்று தெரியாமல் எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். மறுநாள் என் மேசையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைச் சொன்னான். இருவரும் ஒன்றுகூடத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சாவிக்கொத்தை டிபெட்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது பாதாம் லாரி ஓட்டுகிறான். ஒஃபீலியா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறார் என்று கேள்வி. குளிர் அறைக்குப் போகும் வேலையை வேறொருத்தி செய்கிறாளாம்.

இந்த வருடமும் அதே கம்பெனிதான் வந்தது. கேன்டீன்காரர்களுக்கும் தகவல் போனது. அறிவிப்பில் ஒத்திகை என்று மூன்று தடவை சொன்னார்கள். ஏன் சொல்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹார்கின்ஸ் அம்மையார் இப்போது வேறு பெரிய கல்லூரிக்குத் தலைவி. விடைபெறும் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பீட்சா என்றார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யில்லை.