துப்பாக்கியோடு வந்த விருந்தாளி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வந்துவிட்டுப் போயிற்று... இல்லை, வந்தது. போகிற கதை அப்புறம்.

மன்னார்குடியில் எனக்கு நிலமும் கிடையாது, கட்சியும் கிடையாது. அதனாலேயே இந்த வம்பு. பக்கத்து கிராமத்து மிராசுதார் சாம்பசிவத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்து மாரிமுத்துவுக்கும் அறுப்புக் கூலித் தகராறு. கோட்டையில் ஆட்சி மாறிவிட்டது, வயலில் இது மட்டும் மாறவில்லை. நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் வயலிலேயே முளைத்துவிடும். கூலிக்காரர் வீடுகளிலோ பத்து நாளாக அடுப்பு சரியாக எரியவில்லை.

"பொதுவா உங்க வீட்டுல பேசிக்கிறோம் சார்" என்றார்கள். இருவரும் வெறுங்கையோடு வரவேண்டும் என்று பேச்சு.

மாரிமுத்து அரிவாளைச் சைக்கிள் கேரியரிலேயே செருகிவிட்டு வந்தார். மிராசுதார் கையில் பெரிய பித்தளை வெற்றிலைப் பெட்டி. அதை யார் சந்தேகப்படுவார்கள்?

கூலியில் அவர் கொஞ்சம் ஏறினார், இவர் கொஞ்சம் இறங்கினார். அப்பாடா என்று நான் மூச்சு விடும்போது, மாரிமுத்து சகஜமாக, "ஒரு வெத்தலை போட்டுக்கிறேங்க" என்று பெட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

மிராசுதார் வெடுக்கென்று பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போச்சு! மாரிமுத்து எழுந்து துண்டை உதறினார். "நாங்க அறுத்த நெல்லு உங்களுக்கு ஆகும். எங்க கை பட்ட வெத்தலை ஆகாது, இல்லீங்களா? நான் வர்றேன் சார்."

அவர் படி தாண்டினால் அறுப்பு அவ்வளவுதான், அடுத்து போலீஸ் வேன்தான் வரும்.

"அதுக்கில்ல மாரிமுத்து... இங்க பாரு" என்று மிராசுதார் மூடியைத் திறந்தார். வெற்றிலைக்கு அடியில் கைத்துப்பாக்கி. "லைசென்ஸ் இருக்கு. பயமா இருந்துச்சு, அதான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

மாரிமுத்து எட்டிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"துப்பாக்கிதானா? நான் வேற என்னமோன்னு நெனச்சிட்டேன்" என்று மறுபடி சப்பணமிட்டு உட்கார்ந்தார். "அதை ஓரமா வெச்சிட்டு வெத்தலைய இப்படித் தள்ளுங்க."

என் மனைவி காபி டவராவை நீட்டினாள். மிராசுதார் குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டார். துப்பாக்கியும் டவராவும் சமையலறை அலமாரிக்குப் போயின. கூலி அரை மணியில் முடிவாகிவிட்டது.

அடுத்தவர் வீட்டுக்குத் துப்பாக்கியோடு போகிறவரா நீங்கள்? தயவுசெய்து வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்தால், அதைக் காப்பாற்றப் போய் ஒரு மனுஷனை அவமானப்படுத்திவிடுவீர்கள். குண்டு பட்டாலாவது ஆஸ்பத்திரி இருக்கிறது.

திங்கட்கிழமையே ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். மிராசுதார் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு, மாரிமுத்துவோடு வெற்றிலை போட்டபடி நிம்மதியாக நிற்கிறாராம். சந்தோஷம்.

ஆனால் என் மனைவி தினம் கேட்கிறாள் — நிம்மதியில் அவர் எங்கள் அலமாரியிலேயே மறந்துவிட்டுப் போனதை எப்போது வந்து எடுத்துக்கொண்டு போவார்?