கம்பளி நூல் கட்டிய குழாய்கள்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. விடியும் முன்பே எழுந்தேன். வாசலில் இருக்கும் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டேன். வரக்காப்பி குடித்தேன். பட்டறையைத் திறந்து ஸ்பானர்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கினேன். முந்தின நாள் மாலையும் அப்படித்தான் அடுக்கி வைத்திருந்தேன், ஆனாலும் அடுக்கினேன். மன்னவனூர் கேரட் வண்டி ஒன்றுக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே குரல் கேட்டது.

“ஸ்வெட்டர் அண்ணே, இருக்கீங்களா?”

என் பெயர் அதுவல்ல. ஆனால் பெருமாள்மலையில் என் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்வெட்டர் பட்டறை என்றால் கை நீட்டுவார்கள்.

வந்தவள் செல்வி, என் பழைய முதலாளி சௌந்தரபாண்டியின் மகள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்தே எனக்கு அதுதான் பெயர் என்று நம்புகிறாள். அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் அவளுடைய அப்பா. போன மழைக்காலத்தில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன், மாலை போட்டேன், மன்னிக்கவில்லை.

“அப்பா பட்டறைய இடிக்கிறோம்ணே. கார் நிறுத்துற எடமாக்கப் போறோம். பரண்ல கெடந்த சாமான் இது. ஒங்களுக்கு எதுக்காச்சும் ஆகுமான்னு பாருங்க.”

ஒரு சாக்கை வைத்துவிட்டுப் போனாள். வாயை அவிழ்த்ததும் பழைய ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்தது. அதோடு ஈர யூகலிப்டஸ் இலை வாசனையும் வந்ததாகத் தோன்றியது. சாக்கில் இலை எதுவும் இல்லை. ஆனால் முதலாளியின் பட்டறையில் இந்த வாசனைகள் சேர்ந்துதான் இருக்கும்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டெய்சி மேடம் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பி ஏரிப் பக்கம் தங்கும் விடுதி தொடங்கியிருந்தார். கூடவே ஒரு பழைய ஜப்பான் காரையும் கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டு டர்போக்கள், அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறிகள், ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்பவை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது முதலாவது மட்டும் காற்றைத் திணிக்கும். வேகம் கூடினால் நடுவிலுள்ள கதவு திறந்து இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்துக்காகவே பானெட்டுக்குள் அத்தனை ரப்பர் குழாய்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே தடிமன்.

என் அக்கா ஏரிக்கரையில் விற்க குரங்குக் குல்லா பின்னுவாள். கார் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, எந்தக் குழாய் எதற்கென்று அடையாளம் தெரிய, மிஞ்சிய கம்பளி நூலை வாங்கிவந்து கட்டினேன். முதலாவது டர்போவுக்குச் சிவப்பு, நடுக்கதவுக்கு மஞ்சள், இரண்டாவதற்கு நீலம். சொன்னால் சிரிப்பீர்கள், அன்று அதை நின்று நின்று ரசித்தேன்.

முதலாளிக்கு ரசனை வேறு. எந்த இரட்டை டர்போ வந்தாலும் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி கட்டிவிடுவார். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பித்தளைத் திருகு போதும் என்பார். அவருடைய பூஸ்ட் கண்ட்ரோலர் அவ்வளவுதான்.

“மொதலாளி, இந்த வண்டி மலை மேலயும் கீழயும் போய் வரும். வெளிக்காத்து அழுத்தத்தையும் சேத்து அளக்கிற கண்ட்ரோலர்தான் வேணும். திருகு ஆகாதுங்க.”

பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக் கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பானெட்டுக்குள் குனிந்தார். நூல்களைப் பார்த்தார்.

“ஏலே, இது எஞ்சினா, ஸ்வெட்டரா? ஒங்க அக்காவக் கூப்பிடு, ஒரு குல்லாவும் பின்னி மாட்டி விடட்டும். சிலோன் எஸ்டேட்ல இப்படித்தான் சோலி பாப்பீகளோ?”

கை நிறையக் குழாய்களைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். டீக்கடை சிரித்தது. கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் எங்களுக்கு ஏச்சு பழக்கம்தான். அக்காவை இழுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றே வேலையை விட்டேன். அவரை அதே இடத்தில், அதே கூட்டத்தின் முன்னால் வாய் பேசாமல் நிற்கவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு மலையே உதவியது. மலைக்காற்று மெல்லியது. இரண்டு டர்போவும் சேர்ந்து மந்தமாக எழ, வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை. இழுக்கும்வரை அவர் திருகை முறுக்கினார். வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும்தான் அவருடைய அழுத்தமானியின் முள் காட்டும். வண்டி வத்தலக்குண்டு தாண்டிச் சமவெளிக்குப் போனதும், முள் அதே இடத்தில் நின்றாலும், கனத்த வெளிக்காற்றும் சேர்ந்து எஞ்சினுக்குள் அழுத்தம் மிஞ்சியது. எஞ்சினை இறுக்கி மூடும் ஹெட் கேஸ்கெட் வெடித்து வண்டி படுத்துவிட, விருந்தாளிகளோடு மேடம் புளியமரத்தடியில் நின்றார்.

என் வீட்டுக்கு வந்தார். “தம்பி, நீயே பண்ணிடு. பட் சௌந்தரபாண்டிக்குத் தெரிய வேணாம், ப்ளீஸ்.”

“தெரியணும் மேடம். வண்டி ரெடியானதும் அவர் பக்கத்து சீட்ல உக்காந்து வரணும். எனக்குக் கூலி அது போதும்.”

மேடம் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனால் சம்மதித்தார்.

கண்ட்ரோலரை மேடத்தின் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார். நான் கேட்டது இரண்டே விஷயம்: மொத்த அழுத்தத்தை அளக்க வேண்டும்; முதலாவது மட்டும் ஓடும்போது ஓர் அளவு, இரண்டும் ஓடும்போது வேறோர் அளவு வைக்க இடம் வேண்டும். எஞ்சினைச் சரிசெய்து, குழாய்களில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். முதலில் கண்ட்ரோலரை அணைத்து ஓட்டினேன். பிறகு முதலாவதற்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தகராறு கைமாற்றத்தில்தான். இரண்டாவது முழுதாகச் சுழலுமுன் கதவு திறந்தால், பள்ளத்தில் விழுந்தது போல வண்டி தொய்யும். முதலாவதின் அளவைச் சற்றே குறைத்து, இரண்டாவது சுழன்று எழ நேரம் கொடுத்தேன். பள்ளம் மறைந்தது. எல்லாக் குழாய்களிலும் நூல், முன்பைவிடத் தடிமனாக.

மேடம் அழைத்ததால் முதலாளி தட்ட முடியாமல் மலையடிவாரத்துக்கு வந்து ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதலாவது கீச்சென்று எழும். வளைவு நிமிர்ந்ததும் இரண்டாவது அடித்தொண்டையில் சேர்ந்துகொள்ளும். அவர் மேல்கைப்பிடியை விடவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் மிட்டாய் போலச் சப்பிக்கொண்டே ஓட்டினேன்.

டீக்கடை முன்னால் நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். “சொல்லுங்க மொதலாளி. எப்படி இருக்கு?”

கூட்டம் கூடியது. அவர் குனிந்து நூல்களையே வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஸ்வெட்டர நல்லாத்தாம்லே பின்னியிருக்க.”

மறுபடியும் டீக்கடை சிரித்தது. முன்னைவிடச் சத்தமாக, இந்த முறை என் முதுகில் தட்டி. அத்தோடு அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

இன்று அந்த டீக்கடை இல்லை, சாக்லேட் கடை இருக்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. மேடம் காரை விற்றுவிட்டுப் போய்விட்டார். வளைவில் இரண்டாவது குரல் சேரும் வண்டி எதுவும் இப்போது இந்த மலையில் ஏறுவதில்லை. நாளைக்கு முதலாளியின் பட்டறையும் இருக்காது.

சாக்கின் அடியில் ஒரு கட்டு ரப்பர் குழாய்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கம்பளி நூல். என்னுடையவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் இரட்டை முடிச்சுப் போடுவேன். இவை ஒற்றை முடிச்சு. வேறு ஏதோ இரட்டை டர்போ வண்டிக்காக, யாரும் பார்க்காதபோது, அவரே கட்டியிருக்கிறார். கட்டிப் பரணில் ஒளித்துவிட்டுக் கீழே வந்து, என்னைப் பார்த்ததும் ஸ்வெட்டர் என்று கூப்பிட்டிருக்கிறார், சாகும்வரை.

அதிலும் தப்பு. குழாய்களின் நீளத்தையும் வளைவையும் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு இருக்க வேண்டிய குழாயில் மஞ்சள், மஞ்சளுக்குச் சிவப்பு. அந்த வரிசையில் மாட்டினால் இரண்டாவது டர்போ கடைசிவரை விழிக்காது. இதைக் காட்ட இப்போது ஆள் இல்லை.

மறுநாள் காலை எழுந்ததும் மழைமானிக்குப் போகவில்லை. முதல் வேலையாக அவர் முடிச்சுகளை அவிழ்த்தேன். சிவப்பைச் சிவப்பின் இடத்தில் கட்டினேன், இரட்டை முடிச்சாக.